பட்டமளிப்பு விழாவில் மாணவர் உரை: எழுத உட்கார்ந்தும் வராதவர்களுக்கு

“பசங்க சார்பா நீ பேசிடு. அஞ்சு நிமிஷம் போதும். எழுதிட்டு வந்து காட்டு.” துறைத் தலைவர் இவ்வளவுதான் சொல்லுவார். அவருக்கு வேலை முடிந்தது, உங்களுக்குத் தலைவலி ஆரம்பம். அன்று இரவு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ‘அனைவருக்கும் என் இனிய வணக்கம்’ என்று எழுதுவீர்கள். அடுத்த வரி வராது. மூன்று வருடம் வாய் ஓயாமல் பேசிய வகுப்பைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

எழுத விஷயம் இல்லாமல் யாருக்கும் அடைபடுவதில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று முடிவு செய்யாததால்தான் அடைபடுகிறது. அதை முடிவு செய்துவிட்டால் பாதி உரை வந்துவிடும். அங்கிருந்தே வரிசையாகப் போவோம்.

எந்த மேடை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

‘பட்டமளிப்பு விழா உரை’ என்று இணையத்தில் தேடி, கிடைத்ததைப் பார்த்து எழுதுகிறவர்கள் முதலில் இங்கேதான் வழுக்குகிறார்கள். நம் கல்லூரிகளில் மாணவர் பேசுகிற மேடை இரண்டு வகை. ஒன்று, இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஜூனியர்கள் ஏற்பாடு செய்கிற பிரிவுபசார விழா. அங்கே பெற்றோர் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பாட்டு, ஆட்டம், கேக், கொஞ்சம் அழுகை என்று போகும். இன்னொன்று பட்டமளிப்பு விழா. இது பல கல்லூரிகளில் படிப்பு முடிந்து பல மாதம் கழித்துத்தான் நடக்கும். அதற்குள் பாதிப் பேர் வேலையில் சேர்ந்திருப்பார்கள். சிலர் அன்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு, சென்னையிலோ பெங்களூருவிலோ பஸ் ஏறி, அம்மா அப்பாவோடு வந்து கவுன் வாங்க வரிசையில் நிற்பார்கள். நேற்றுவரை ஒன்றாக இருந்தவர்களிடம் பேசுவதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு கூடியவர்களிடம் பேசுவதும் வேறு வேறு. முதல் மேடைக்கு எழுதிய கண்ணீர் உரையை இரண்டாவதில் வாசித்தால் ஒட்டாது.

அடுத்து, நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்குங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வரின் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, சிறப்புரை, பட்டம் வழங்கல், உறுதிமொழி, நன்றியுரை, நாட்டுப்பண் என்று ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். உங்கள் பெயர் இதில் எங்கே வருகிறது என்று பாருங்கள். வரவேற்புரை வேறொருவர் சொல்கிறார், நன்றியுரையும் வேறொருவர். கல்லூரி தொடங்கிய ஆண்டிலிருந்து தரமதிப்பீடு வரை முதல்வரின் அறிக்கையில் வந்துவிடும். ஆகவே வரவேற்க வேண்டாம், எல்லோருக்கும் நன்றி சொல்லிமுடிக்க வேண்டாம், கல்லூரி வரலாறு சொல்ல வேண்டாம். மூன்று சுமை இறங்கிவிட்டது.

நிரலில் உங்களுக்கு 5 நிமிடம் என்று போட்டிருந்தால் 4 நிமிடத்துக்கு எழுதுங்கள். விருந்தினர் தாமதமாக வருவார், முந்தைய பேச்சு நீளும், கடைசியில் மாணவர் நேரத்தில்தான் கைவைப்பார்கள்.

கூட்டத்தில் எதுவும் தெரியாதவர் யார்?

அரங்கில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு நீங்கள் செய்த அத்தனையும் தெரியும். உங்களோடு படித்தவர்களுக்கு அதைவிட அதிகம் தெரியும். சிறப்பு விருந்தினருக்கு எதுவும் தெரியாது, ஆனால் அவர் அடுத்த நிகழ்ச்சிக்கு மணி பார்த்துக்கொண்டிருப்பார். மீதி இருப்பது பின்வரிசைப் பெற்றோர். மூன்று வருடம் பீஸ் கட்டியவர்கள். சேர்க்கையன்று வந்ததற்குப் பிறகு, பலர் இன்றுதான் இரண்டாவது முறையாகக் கல்லூரி வாசலைப் பார்க்கிறார்கள். “காலேஜ்ல என்னடா பண்ற?” என்று கேட்டபோதெல்லாம் “ஒண்ணுமில்லம்மா, கிளாஸ்தான்” என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த மூன்று வருடம் உள்ளே என்ன நடந்தது என்று, வீட்டுக்கு ஒருபோதும் சொல்லாததை மேடையில் சொல்லுங்கள். இந்த முடிவை எடுத்துவிட்டால் பல சிக்கல் தானாகத் தீர்கிறது. அறிவுரை சொல்ல வேண்டிய கட்டாயம் போய்விடும், பெற்றோருக்கு நீங்கள் என்ன அறிவுரை சொல்ல முடியும்? நண்பர்களுக்கு மட்டும் புரியும் ஜோக்கைக்கூட அரை வரி விளக்கம் சேர்த்துத்தான் சொல்வீர்கள், அதனால் அரங்கம் முழுக்கச் சிரிக்கும். தெரிந்த கதையே என்றாலும், அதை நீங்கள் தங்கள் அம்மாவிடம் சொல்வதைக் கேட்கும்போது நண்பர்களுக்கும் அது புதிதாக இருக்கும்.

பிரிவுபசார விழாவில் பெற்றோர் இடத்தில் முதலாண்டு மாணவர்களை வையுங்கள். கேள்வி அதேதான்: இங்கே இருப்பவர்களில் யாருக்குத் தெரியாது?

ஸ்டீவ் ஜாப்ஸ் 2005ல் ஸ்டான்ஃபோர்டில் பேசியதைப் பார்த்துவிட்டு அதே அச்சில் எழுத முயல்கிறவர்கள் நிறைய. அது சிறப்பு விருந்தினர் உரை. உலகம் அறிந்த 50 வயதுக்காரர், சுமார் 15 நிமிடம், தன் வாழ்க்கையிலிருந்து மூன்று கதை சொன்னார். உங்களுக்கு வயது 21, நேரம் 4 நிமிடம். வாழ்க்கையைப் பற்றி முடிவு சொல்ல உங்களை அழைக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: அத்தனை பெரிய பேச்சாளர் அன்று தாளைப் பார்த்து வாசித்துத்தான் பேசினார். மனப்பாடம் செய்யாவிட்டால் அவமானம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

பொருள் சேர்ப்பது

எழுதும் மேசையில் உட்கார்ந்தால் நினைவுக்கு வராது. வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு கேள்வி போடுங்கள். ‘உங்களால் மறக்க முடியாத அனுபவம் எது?’ என்று கேட்காதீர்கள், ‘எல்லாமே மறக்க முடியாதுதான் மச்சி’ என்றும் பத்து இதயமும்தான் வரும். ‘காலேஜில் நடந்து, வீட்டில் இன்றுவரை சொல்லாத ஒரு விஷயம்?’ என்று கேளுங்கள். கொட்டும். பாதியைச் சபையில் சொல்ல முடியாது. மீதி போதும்.

வந்ததில் இரண்டே இரண்டை எடுங்கள். தேர்ந்தெடுக்க எளிய அளவுகோல்: கண்ணால் பார்த்த பொருள் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். ‘நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம்’ என்பதில் பார்க்க ஒன்றும் இல்லை. பஸ் பாஸ், ரெக்கார்டு நோட்டு, கேண்டீன் பப்ஸ், ஹாஸ்டல் வாளி இவற்றில் ஒன்று வந்தால் காட்சி வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பி.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருவர் பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதியது இப்படி இருக்கும்:

“கல்லாக வந்த எங்களைச் சிற்பமாகச் செதுக்கிய சிற்பிகள் எம் பேராசிரியர்கள். இக்கல்லூரி எங்களுக்குப் பாடத்தை மட்டுமல்ல, வாழ்க்கையையும் கற்றுத்தந்தது.”

இதில் தப்பான சொல் ஒன்றும் இல்லை. வணிகவியல் மாணவர் வாசித்தாலும் பொருந்தும், பக்கத்து ஊர்க் கல்லூரியில் வாசித்தாலும் பொருந்தும், அதுதான் குறை. அவரிடம், உங்கள் லேப் எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கேட்டால் இப்படி வரும்:

“அம்மா, எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு டார்க் ரூம் இருக்கு. உள்ள சோடியம் விளக்குனு ஒண்ணு. சுவிட்சைப் போட்டா உடனே மஞ்சள் வெளிச்சம் வராது. முதல்ல ரோஸ் கலர்ல எரியும். கொஞ்ச நேரம் கழிச்சுதான் மஞ்சளாகும். அதுவரைக்கும் வேலை செய்ய முடியாது. மூணு பேருக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒருத்தி டெலஸ்கோப்பைப் பிடிச்சுக்குவா, ஒருத்தி செல்போன் டார்ச்சைப் பிடிப்பா, நான் லென்ஸ் வச்சு ரீடிங் எடுப்பேன். நான் தப்பா படிச்சா மூணு பேர் கணக்கும் தப்பாயிடும். அந்த இருட்டுல மூணு பேர் தலையும் முட்டிக்கிட்டு நின்னதுதான் எங்க காலேஜ்.”

இதை வேறு எந்தத் துறையிலும் வாசிக்க முடியாது. லேபில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்குள் வரும். விளக்கு என்று ஒன்றைச் சொன்னதும், ‘அந்த விளக்கைப் போலத்தான் நாங்களும், மெல்ல மெல்ல ஒளிர்ந்தோம்’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். விளக்கு விளக்காகவே இருக்கட்டும்.

எந்தத் தமிழில்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற திண்டாட்டம் இது. எழுதும்போது கை தானாக மேடைத்தமிழுக்குப் போகிறது: ‘பயின்றோம்’, ‘அகமகிழ்கிறேன்’, ‘கடமைப்பட்டுள்ளேன்’. பேசும்போது வாய் அதில் நிற்பதில்லை, மூன்றாவது வரியில் ‘வந்து... என்னன்னா...’ என்று இறங்கிவிடும். இரண்டும் கலந்து தடுக்கும்.

என் யோசனை: விளிப்பும் முதல் இரண்டு வரியும் மேடைத்தமிழில் இருக்கட்டும், சபைக்கு அந்த மரியாதை வேண்டும். காட்சி ஆரம்பித்ததும் பேச்சுத்தமிழுக்கு வாருங்கள், தாளிலும் அப்படியே எழுதுங்கள். ‘நின்றுகொண்டிருந்தோம்’ என்று எழுதிவைத்து மேடையில் ‘நின்னுட்டிருந்தோம்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், பதற்றத்தில் வாய் தாளைத்தான் வாசிக்கும். பேச்சுத்தமிழ் என்றால் உங்கள் ஊர்த் தமிழ். நெல்லைப் பிள்ளை கோவைத் தமிழைப் பூசிக்கொள்ள வேண்டியதில்லை.

எழுத வரவே இல்லையா? போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ஊரில் இருக்கும் சித்திக்கோ அக்காவுக்கோ வாய்ஸ் நோட் அனுப்புவதுபோலப் பேசுங்கள். பிறகு அதைக் கேட்டு, சொன்ன வார்த்தையிலேயே தாளில் இறக்குங்கள். முதல் வரைவு இதைவிடச் சுலபமாக வராது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து நொடியில் தரும், ஆனால் உங்கள் டார்க் ரூம் அதற்குத் தெரியாது, நீங்கள் சொல்லாதவரை சிற்பியையும் சிற்பத்தையும்தான் அனுப்பும்.

ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கல்லூரி சொன்னால் பேசுங்கள். ஆனால் பெற்றோருக்கான பகுதியை மட்டும் தமிழில் வைக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் இன்றும் ஒரு மாணவர் லத்தீனில் பேசுகிறார், அது அவர்களுடைய பழைய மரபு. ‘உங்கள் தியாகம் இல்லாமல் நான் இல்லை’ என்று, அந்தத் தியாகத்தைச் செய்தவருக்கே புரியாத மொழியில் சொல்வதற்கு நம்மிடம் அப்படி மரபு ஒன்றும் கிடையாது.

எழுதும் வரிசை

நடுவிலிருந்து எழுதுங்கள். இரண்டு காட்சிகளையும் முதலில் எழுதி முடியுங்கள். தொடக்கமும் முடிவும் கடைசியில்.

விளிப்பைத் தனியாக எழுதிவையுங்கள். மேடையில் இருப்பவர்களின் பெயரும் பதவியும் முன்னுரிமை வரிசைப்படி நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடைமொழி போட்டால் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். ‘மேடையில் வீற்றிருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, எங்கள் பேராசிரியர்களே, வந்திருக்கும் அப்பா அம்மாக்களே, என்னோடு படித்தவர்களே, வணக்கம்’. இது போதும். பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்றால் விருந்தினர் பெயரை மட்டும் சொல்லுங்கள், உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விளிப்பு முடிந்ததும் நேராகக் காட்சிக்குள் போய்விடுங்கள். ‘பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி’, ‘எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை’ போன்றவை கூட்டம் செல்போனை எடுக்கும் இடங்கள். குறளோடு தொடங்க ஆசைப்பட்டால், கற்க கசடறவும் (391) கேடில் விழுச்செல்வமும் (400) அன்று ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்துல் கலாம் சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்று வாட்ஸாப்பில் வருபவற்றில் எது அவர்கள் சொன்னது என்று கண்டுபிடிப்பது கடினம். மூலம் தெரியாததைத் தொடாதீர்கள், மேடையில் தமிழாசிரியரும் இருப்பார்.

நன்றி சொல்லும் இடத்தில்தான் மனஸ்தாபம் பிறக்கிறது. எட்டுப் பேராசிரியர் பெயரைச் சொல்லி ஒன்பதாமவரை விட்டுவிட்டால், அவர் எட்டுப் பேரையும் ஞாபகம் வைத்திருப்பார். ஆகவே பேராசிரியர்களை ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டு, நன்றியுரைப் பட்டியலில் வராதவர்களை நினைவாகச் சொல்லுங்கள். உடைந்த பீக்கருக்கு முறைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத்தந்த லேப் அசிஸ்டெண்ட், ஓடிவருகிற பிள்ளைக்காகக் கண்ணாடியைப் பார்த்து நிறுத்தும் காலேஜ் பஸ் டிரைவர், காலை ஏழு மணிக்கே வகுப்பறையைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிற அக்கா. ஆளுக்கு ஒரு வரி. அவர்கள் அரங்கின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

கிண்டல் எல்லை தெரிந்து இருக்கட்டும். அரியர், யார் யாரோடு சுற்றினார்கள், உடல்வாகு, நிறம், சாதி தொடும் எதுவும், ஆசிரியர்களின் பட்டப்பெயர் எதுவும் வேண்டாம். நண்பர்கள் கைதட்டுவார்கள், அவர்களுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உங்களையே கிண்டல் செய்துகொண்டால் யாருக்கும் வலிக்காது.

முடிவுக்கு ‘இது முடிவல்ல, தொடக்கம்’ வேண்டாம். ‘பறவைகளாகப் பறக்கிறோம்’ வேண்டாம். கவிதையும் வேண்டாம், சொந்தக் கவிதை என்றால் கட்டாயம் வேண்டாம். பெற்றோரிடம் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடியுங்கள்: “விழா முடிஞ்சதும் போட்டோ எடுத்துட்டு உடனே கிளம்பிடாதீங்க. ரெண்டாவது மாடியில அந்த டார்க் ரூமைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கோம். உங்க பொண்ணைக் காட்டச் சொல்லுங்க. நன்றி.” சொன்னால் உண்மையிலேயே திறந்து வைத்திருக்க வேண்டும், துறைத் தலைவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வெட்டுவதும் காட்டுவதும்

மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். 4 நிமிடத்துக்கு 400 சொல்லுக்குள். இது தோராயம்தான், உங்கள் வேகத்தைப் போனில் நேரம் வைத்துப் பாருங்கள். சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும், மனசுக்குள் வாசித்தால் எல்லா உரையும் குட்டிதான். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். நாக்கு இரண்டு முறை தடுக்கிய சொல்லைத் தூக்குங்கள்.

பிறகு பென்சிலால் ஒரு பத்தியைப் பெட்டி கட்டிவையுங்கள். நேரம் போய்விட்டது, “சுருக்கமா முடிச்சிடும்மா” என்று மேடை ஓரத்தில் யாராவது காதில் சொன்னால், அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான். அங்கே நின்று எதை விடுவது என்று யோசிக்க நேரம் இருக்காது.

துறைத் தலைவரிடம் காட்டினால் இரண்டு திருத்தம் வரும். ‘காலேஜ் பெருமை ஒண்ணும் இல்லையே’ என்பது முதலாவது. வாதாடாதீர்கள். “முதல்வர் அறிக்கையில வருது சார், நான் லேப் பத்தி சொல்றேன், அதுவும் நம்ம காலேஜ்தானே” என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையா, ஒரு வரி சேர்த்துவிடுங்கள், குடி முழுகிவிடாது. ‘பேச்சுத்தமிழா இருக்கே’ என்பது இரண்டாவது. அவர் முன்னால் நின்று வாசித்துக் காட்டுங்கள். தாளில் கொச்சையாகத் தெரிந்தது காதில் அப்படிக் கேட்காது.

தாள், மைக், கவுன்

A4 தாளில், ஒரு பக்கம் மட்டும், 18 அளவு எழுத்தில், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு அச்செடுங்கள். பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் தலை குனிந்துகொண்டே போகும். பக்க எண் பெரிதாக. பின் அடிக்க வேண்டாம், முடித்த தாளைச் சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்தலாம். போனைப் பார்த்து வாசிக்கவே வேண்டாம். சரியாக உருக்கமான இடத்தில் திரை அணையும், அல்லது டெலிவரிக்காரர் கூப்பிடுவார்.

முந்தைய நாள் ஒத்திகை இருந்தால் மைக் முன் ஒருமுறை நின்று பாருங்கள். உயரமான பேராசிரியருக்குப் பிறகு நீங்கள் பேசினால் மைக் நெற்றியில் இருக்கும். அதைக் கையால் இறக்கிக்கொள்ளலாம், யாரும் திட்ட மாட்டார்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. தட்டுவதும் ஊதுவதும் ‘ஹலோ ஹலோ’வும் வேண்டாம். கவுனின் அகலமான கை தாளை இழுத்துக்கொண்டு போகும், போடியத்தின் மேல் முழங்கை வைக்காதீர்கள். தொப்பி கண்ணை மறைக்கிறதா என்று உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியில் குரல் நடுங்கும். விளிப்பை மெதுவாக வாசிப்பதற்குக் காரணம் அதுதான், அது முடிவதற்குள் மூச்சு சரியாகிவிடும். அழுகை வந்தால் நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், தாளில் விட்ட இடத்தில் விரல் வைத்துக்கொள்ளுங்கள். ‘சாரி’ சொல்ல வேண்டாம்.

கைதட்டலுக்கு நடுவே தாளைப் போடியத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அடுத்துப் பேசுகிறவர் தன் உரையை அதன்மேல் வைத்துக் குழம்புவார். ஆண்டு மலர் ஆசிரியர் குழுவும் ஒரு பிரதி கேட்கும். பேச்சுத்தமிழில் இருப்பதை அப்படியே கொடுங்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்றித்தரச் சொன்னால் விளிப்பை மட்டும் நீக்கிவிட்டு, அரங்கில் பேசியதை அப்படியே போடலாமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.